தேநீர்க் குடுவைக்கு எண்ணெய் தடவியவள்

எண்ணெயை முகர்ந்து பார்ப்பது என் வேலை. கல்யாண வீடுகளில் யாராவது கேட்டு நான் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகு "நெசமாவா?" என்பார்கள். நெசம்தான். மலேசியாவில், தெலுக் பங்லிமா காராங்கில் பாமாயில் சுத்திகரிக்கும் ஒரு தொழிற்சாலையின் லேப்பில் இருபத்து மூன்று வருடமாக இருக்கிறேன். எண்ணெயின் நிறத்தையும் அமிலத்தையும் ஈரத்தையும் சொல்ல மெஷின்கள் இருக்கின்றன. வாடையை மட்டும் மூக்குதான் சொல்ல வேண்டும். டேங்கிலிருந்து எடுத்த எண்ணெயைப் பீக்கரில் ஊற்றி, இளஞ்சூடாக்கி, ஒரு கண்ணாடித் தட்டால் மூடி வைப்போம். தட்டை லேசாக விலக்கி முகர்வோம். பிறகு ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டித் துப்புவோம். நல்ல எண்ணெய்க்கு மணமே இருக்கக் கூடாது. சிக்கு வாடை, புல் வாடை, மீன் வாடை என்று எது வந்தாலும் அந்த டேங்க் வெளியே போகாது. ஒவ்வொரு டேங்குக்கும் இரண்டு மூக்கு, இரண்டு கையெழுத்து.

ஒரு மூக்கு என்னுடையது. இன்னொன்று என் தோழியுடையது. அவள் கிள்ளானுக்கு வெளியே ஒரு தோட்டத்தின் வாசலில் மளிகைக் கடை வைத்திருந்த சீனக் குடும்பத்துப் பெண். கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் தமிழர்கள் என்பதால் தமிழ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மரியாதைப் பன்மை மட்டும் அந்தக் கடைக்குச் சாமான் வாங்க வரவில்லை போலிருக்கிறது. என்னைவிட நான்கு வயது சின்னவள், என்னை "அக்கா" என்றும் "நீ" என்றும் ஒரே மூச்சில் கூப்பிடுவாள். ஆரம்பத்தில் எனக்குச் சுருக்கென்று இருந்தது. இப்போது அவள் "நீங்க" என்றால்தான் பயம் வரும்.

போன வருடம் ஜூன் மாதம் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தேன். எழுந்தபோது மூக்கு வேலை செய்யவில்லை. அடைப்பு இல்லை, சளி இல்லை. காற்று போய் வந்தது, மணம் மட்டும் வரவில்லை. வெங்காயம் நறுக்கினால் கண் எரிந்தது, வாசம் இல்லை. சோதித்துப் பார்க்கலாம் என்று பெலச்சான் என்ற இறால் விழுதைச் சட்டியில் போட்டு வாட்டினேன். பக்கத்து வீட்டு ஆன்டி இருமிக்கொண்டே ஜன்னலைச் சாத்தினார். நான் சட்டிக்கு மேல் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன், ஒன்றும் தெரியவில்லை. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் பூக்கடை வரிசையில் நடந்தேன். சத்தத்தை அணைத்துவிட்ட டிவியைப் பார்ப்பது போலிருந்தது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் கணவர் சொல்வார். மணம் போன பிறகும் அந்தக் கோபம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. "சிலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு நாளாகும், தினமும் நாலு வாசனையை மோந்து பழகுங்க" என்று சொன்ன டாக்டரிடம் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்றையும் செய்தேன். லேப்பில் யாரிடமும் சொல்லவில்லை. நாளைக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்று பதினோரு நாள் பீக்கரை முகர்ந்து, "ஒண்ணும் இல்ல, நல்ல எண்ணெய்" என்று கையெழுத்துப் போட்டேன். எண்ணெய் நல்லதாக இருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பன்னிரண்டாம் நாள் வந்த டேங்க் கெட்டிருந்தது. அதற்கும் போட்டேன். அடுத்ததாகத் தோழி தட்டை விலக்கினாள். முகத்தைச் சுளித்தாள். என் கையெழுத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, உனக்கு இது வரலையா?"

"வரலை."

"எப்போலேர்ந்து?"

சொன்னேன். அவள் திட்டவில்லை. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாளில் எழுதியிருக்கலாம். அப்படியும் செய்யவில்லை. "வா, பாஸ்கிட்ட போவோம்" என்று என் முழங்கையைப் பிடித்து எழுப்பினாள். அன்றைக்கு அவள் மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. இப்போது யோசித்தால் அந்தப் பிடி இல்லாவிட்டால் நான் போயிருக்கவே மாட்டேன்.

எங்கள் லேப் மேனேஜர் மலாய்க்காரர், சத்தம் போட்டுப் பேசாதவர். அதுவே கஷ்டம். அவர் மலாயில் மெதுவாகச் சொன்னது இதுதான்: நீ ஆபீஸ் மேசையில் உட்கார்ந்து சர்ட்டிபிகேட் டைப் செய். உனக்குப் பதிலாக நானே முகர்ந்து கையெழுத்துப் போடுகிறேன். சீனப் பெருநாள் லீவுக்கு முன்னால் ஒரு சோதனை வைப்பேன். தேறினால் உன் இடம் உனக்கு. இல்லையென்றால் நான் வேறு ஆளைப் போட்டாக வேண்டும்.

சம்பளம் குறையாது, வேலை போகாது. இருந்தும் அன்று கழிவறையில் போய் அழுதேன். படிப்பில் நான் சுமார். வீட்டில் அழகு என்று சொல்லப்பட்டவள் என் அக்கா. எனக்கென்று ஊரில் இல்லாத ஒன்று இருந்தது என்றால் அது இந்த மூக்குதான். அது இல்லாமல் ஆபீஸ் மேசையில் உட்கார்ந்திருப்பவள் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் மாதம் ஒரு திங்கட்கிழமை தோழி ஒரு துணிப்பையைச் சுமந்துகொண்டு வந்தாள். காலை பத்து மணி இடைவேளையில் பேன்ட்ரி மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். நான்கு தகர டப்பாக்கள். மூடியும் தட்டும் கூடிய வெள்ளைக் கிண்ணம் ஒன்று, காய்வான் என்று பெயர். மூக்கு வைத்த சின்னக் கண்ணாடி ஜாடி. வடிகட்டி. குழந்தைகள் சொப்பு வைத்து விளையாடும் அளவில் இரண்டு கப்.

"என்னாடி இது, கல்யாணச் சீரா?" என்றேன்.

"டாக்டர் உன்ன நாலு வாசன மோந்து பாக்கச் சொன்னார் இல்ல? நீ செய்றியா?"

"கிராம்பும் எலுமிச்சையும் வச்சிருக்கேன்."

"செய்றியா?"

ஒரு கப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

"கிராம்ப மோந்துட்டு என்னா செய்வ, டப்பாவுல போட்டு மூடுவ. அதான் உனக்குச் சலிச்சிப் போச்சி. டீய மோந்து பாரு லா. மோந்து முடிச்சதும் குடிச்சிரலாம்."

அதுவரை எனக்கு டீ என்றால் தே தாரிக். கெட்டிப் பாலும் சீனியும் சேர்ந்து தொண்டையில் இறங்குவது. அல்லது நூல் கட்டிய பையைக் கொதிநீரில் முக்கி எடுப்பது. அந்தப் பைகளைப் பற்றித் தோழியின் கருத்தை இங்கே எழுத முடியாது. அவள் டப்பாக்களைத் திறந்து காட்டினாள். ஒன்றில் மல்லிகைப் பூவோடு சேர்த்து வைத்துப் பதப்படுத்திய பச்சைத் தேயிலை. ஒன்றில் மிளகுபோலச் சுருண்டிருந்த ஊலோங். ஒன்று பைன் விறகுப் புகையில் காய்ந்த கறுப்புத் தேயிலை. கடைசி டப்பாவில் பூ எர், பல வருடம் வைத்துப் பழையதான தேயிலை, மண் நிறத்தில் கட்டியாக இருந்தது. நான்கையும் வரிசையாக முகர்ந்தேன். நான்கும் ஒன்றுதான். ஒன்றும் இல்லை.

"சரி, குடிப்போம்" என்றாள், ஏதோ நான் எல்லாவற்றையும் முகர்ந்துவிட்டவள் போல.

அவள் செய்வதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. லேப்காரியின் கை அல்லவா. முதலில் வெந்நீர் ஊற்றிக் கிண்ணத்தைச் சூடாக்கினாள். அதை எடுத்துக் கப்புகளில் ஊற்றிக் கொட்டினாள். ஊலோங்கைப் போட்டு நீர் ஊற்றி உடனே வடித்துக் கொட்டினாள். "இது குளிப்பாட்டு" என்றாள். அடுத்த நீரை ஊற்றி மூடியைச் சரித்து வைத்து, லேப் ஸ்டாப்வாட்சில் இருபது விநாடி எண்ணினாள். மூடியை ஆள்காட்டி விரலால் அழுத்தி, விளிம்பைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் பிடித்து, ஒரு சொட்டு சிந்தாமல் ஜாடியில் சாய்த்தாள். நான் முயன்றபோது விரல் சுட்டது, பாதித் தேநீர் மேசையில் ஓடியது, கெட்ட வார்த்தை ஒன்றும் வந்தது. ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது.

மணம் இல்லாமல் தேநீரில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நிறையவே இருந்தது. கசப்பு இருந்தது, அதன் பின்னால் நாக்கின் ஓரத்தில் மெதுவாக ஊறும் இனிப்பு இருந்தது. எல்லாவற்றையும்விடத் துவர்ப்பு இருந்தது. துவர்ப்பு என்றால் எனக்கு வாழைப்பூ, பாக்கு, நெல்லிக்காய், அவ்வளவுதான். அது நாக்கில் மட்டும் இல்லாமல் கன்னத்தின் உட்புறத்தை இழுத்துப் பிடிக்கும் என்றும், ஒவ்வொரு இலையும் வேறு இடத்தில் பிடிக்கும் என்றும் அந்தப் பேன்ட்ரியில்தான் கண்டேன். பச்சைத் தேயிலை பல்லின் பின்னால். கறுப்பு நாக்கின் நடுவில். பூ எர் எங்கேயும் பிடிக்காமல் கஞ்சித் தெளிவுபோல வழுக்கிக்கொண்டு போகும்.

பார்க்கவும் இருந்தது. மிளகு மாதிரிப் போட்ட ஊலோங் நான்காவது நீரில் முழு இலையாக விரிந்து, காம்போடு கிண்ணத்தை நிறைத்து நிற்கும். ஒரே இலையில் ஆறு ஏழு தடவை எடுக்கலாம். முதல் கப்பும் ஏழாவது கப்பும் ஒன்றாக இருக்காது. நான் அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினேன். நீரின் சூடு, விநாடி, நிறம், துவர்ப்பு எங்கே. மணம் என்ற பத்தியை மட்டும் காலியாக விட்டேன். வீட்டுக்கும் ஒரு காய்வான் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளான் பழைய பாசார் பக்கம் ஒரு தேயிலைக் கடைக்கு இருவரும் போவோம். கடைக்காரர் காசு கேட்காமல் ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டுக் கொடுப்பார். நானும் பெரிய ரசிகை போல ஒவ்வொன்றையும் முகர்ந்து தலையாட்டுவேன். தோழி வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பாள்.

என் கணவர் போர்ட்டில் கிரேன் ஓட்டுகிறார். என் சொப்புச் சாமான்களைப் பார்த்து, "என்னாம்மா இது, பூன குடிக்கிற அளவுல ஊத்தற?" என்றார். ஒரு கப் குடித்துவிட்டு, "எல ஊறுன தண்ணி. பால் எங்க?" என்றார். அதற்குப் பிறகு அவரை நான் சேர்க்கவில்லை.

தீபாவளி வந்தது. முறுக்குப் பிழிந்தேன், எண்ணெய் காய்ந்த பக்குவம் தெரியாமல் முதல் ஈட்டைக் கருக்கினேன். தோழி வீட்டுக்கு வந்தபோது ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்தாள். உள்ளே ஒரு மண் குடுவை. மெருகு ஏதும் பூசாத செம்மண் நிறம், உள்ளங்கையில் அடங்கும் அளவு, குட்டையான மூக்கு, வளைந்த கைப்பிடி. மூடி அத்தனை கச்சிதமாக உட்கார்ந்தது, திருகினால் மெல்லிய சத்தம் வந்தது. மூடியின் ஓட்டையை விரலால் அடைத்தால் ஊற்றுவது நின்றுவிடும். அரை மணி நேரம் அதை வைத்தே விளையாடிக்கொண்டிருந்தேன். எனக்கு யாரும் இப்படி ஒரு பொருளைக் கொடுத்தது இல்லை.

"இது பூ எருக்கு மட்டும்" என்றாள். "ஒரே எலதான் போடணும். மண்ணு இல்லியா, வாசனையக் குடிச்சிக்கிட்டே இருக்கும். மொதல்ல பழக்கணும், எப்படின்னா..."

"எனக்கே சொல்றியா?" என்றேன். "மண் பாத்திரத்தப் பழக்கத் தெரியாத தமிழச்சி இருக்காளா? எங்க வீட்டு மீன் கொழம்புச் சட்டிய யாரு பழக்குனான்னு நெனக்கிற?"

அவள் வாயை மூடிக்கொண்டு முறுக்கைக் கடித்தாள். பேச விட்டிருக்கலாம்.

அவள் சொல்ல வந்தது என்ன என்று பிறகுதான் தெரிந்தது. குடுவையை வெறும் தண்ணீரிலும், பிறகு அதில் போடப்போகும் தேயிலையோடும் கொதிக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான். நான் செய்தது எங்கள் முறை. அரிசி கழுவிய தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்தேன். தினமும் தண்ணீரை மாற்றினேன். பிறகு வெயிலில் காயவைத்தேன். அப்புறம் தேங்காய் எண்ணெயை எடுத்து உள்ளும் புறமும், மூக்குக்குள் காதுக்குச்சி விட்டுக்கூட, நன்றாகத் தடவினேன். மண் இழுக்க இழுக்க மறுபடியும் தடவினேன். நான்கு நாள் வெயில். வெங்காயம் போட்டு வதக்க இடம் இல்லாத காரணத்தால் அதை மட்டும் விட்டேன். தேநீர் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் நெஞ்சில் கை வைப்பார்கள். மீன் சட்டி தெரிந்தவர்கள் என்ன தப்பு என்று கேட்பார்கள். நான் இரண்டாவது கட்சி.

குடுவை பளபளவென்று வந்தது. லேப்புக்குக் கொண்டுபோனேன். முதல் சில நாள் தேநீர் மேல் சின்னச் சின்ன எண்ணெய்ப் பொட்டுகள் மிதந்தன. குடுவை என்னோடு பழகுகிறது என்று பெருமைப்பட்டேன். தோழி முதல் கப்பை வாங்கி வாயில் வைத்தாள். கொஞ்ச நேரம் விழுங்காமல் இருந்தாள். பிறகு விழுங்கினாள்.

"எப்படி?" என்றேன்.

"நல்லா ஷைனிங்கா இருக்கு" என்றாள்.

தினமும் பத்து மணிக்கு அந்தக் குடுவையில்தான். நான் ஊற்றுவேன், அவள் குடிப்பாள். நவம்பர் போனது, டிசம்பர் போனது. எனக்குத் தொண்டையில் ஒரு கரகரப்பு தெரிந்தது. பழைய பூ எர் தொண்டையில் பேசும் என்று தேயிலைக் கடைக்காரர் சொல்லியிருந்தார். பேசுகிறது என்று நோட்டில் எழுதினேன். மணம் என்ற பத்தி காலியாகவே இருந்தது. காலையில் டப்பாக்களை வரிசையாக முகரும்போது முன்பிருந்த நம்பிக்கை இல்லை. ஜனவரியில் ஒருநாள் அவளிடம், "போதும்டி, வேற ஆளையே போடட்டும்" என்றேன். அவள் கப்பை நீட்டினாள். ஊற்றினேன்.

அடுத்த வாரம், புதன்கிழமை. மழை பெய்துகொண்டிருந்தது. வழக்கம்போல் குடுவையைச் சூடாக்கி, தேயிலை போட்டு, நீரை ஊற்றி, கப்பில் சாய்த்து உதட்டருகே கொண்டுபோனேன். குப்பென்று சோப்பு.

கப்பை மேசையில் டொக்கென்று வைத்தேன். தேநீர் தெறித்தது.

"யாருடி இத சோப்பு போட்டுக் கழுவுனது?" என்று கத்தினேன். பேன்ட்ரியில் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். "மண்ணுன்னு தெரியாது? அறிவு வேணாம்? ஒரு பொருள இங்க வச்சிட்டுப் போக முடியாதா?"

நான் குடுவையைத் தூக்கி மூடியைத் திறந்து, எந்த சோப்பு என்று கண்டுபிடித்து ஆளைப் பிடித்துவிடுகிற ஆத்திரத்தில் முகர்ந்தேன். சோப்பு இல்லை. சோப்பு மாதிரி, ஆனால் அடியில் ஒரு பழைய சிக்கு. எனக்கு அது தெரியும். இருபத்து மூன்று வருடமாகத் தெரியும். பாமாயில் கெட்டால் ஒரு வாடை. தேங்காய் எண்ணெய் ஈரத்தில் கிடந்து கெட்டால் சோப்பு வாடை.

"தேங்காய் எண்ணெய்" என்றேன். "கெட்டுப்போன தேங்காய் எண்ணெய்."

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. தோழி தன் கப்பைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். விலக்கியபோது அழுதுகொண்டிருந்தாள்.

"ஒனக்குத் தெரியுமா?" என்றேன்.

"மொத நாளே தெரியும்."

"இவ்ளோ நாள் குடிச்சியா?"

"தெனம் குடிச்சேன்."

"ஏன்டி சொல்லல?"

"மொத நாளு நீ அவ்ளோ சந்தோஷமா இருந்த, எப்படிச் சொல்றது? அப்புறம் யோசிச்சேன். சொன்னா கழுவிருவ. நாலு டப்பாவயும் மோந்துட்டு நீ ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு சொல்ற, எனக்குப் பயமாப் போச்சி. இது எல்லாத்தவிட மோசமான நாத்தம். ஒனக்கு வேற தெரிஞ்ச நாத்தம். மொதல்ல இதுதான் வரும்னு நெனச்சேன். நீ என்னத் திட்டற நாளுக்குத்தான் அக்கா காத்துக்கிட்டு இருந்தேன்."

அவளுக்குத் தேநீர் என்றால் உயிர். இலைக்கு ஏற்ற தண்ணீர் இல்லை என்று தண்ணீர் வாங்கிக் காய்ச்சுகிறவள். எண்ணெய் நாற்றத்தை ஒரு கோடியில் ஒரு பங்கு இருந்தாலும் கண்டுபிடிக்கும் மூக்கு அவளுக்கு. அந்த மூக்கை வைத்துக்கொண்டு தீபாவளியிலிருந்து அதுவரை ஒவ்வொரு வேலை நாளும் என் எதிரில் உட்கார்ந்து அதைக் குடித்திருக்கிறாள். முகம் சுளிக்காமல். சில நாள் இரண்டாவது கப்பும் கேட்டிருக்கிறாள். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவள் தலைமுடியில் எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை. அது பற்றிக் கவலைப்படவில்லை. நன்றி என்று சொல்ல வாய் வராமல், "பைத்தியம், வயித்துக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?" என்று இன்னொரு முறை திட்டினேன்.

குடுவையைப் பழைய தேயிலைச் சக்கையோடு ஐந்து முறை கொதிக்க வைத்தோம். கொஞ்சம் போனது, கொஞ்சம் இருக்கிறது.

ஆனால் மூக்கு ஒழுங்காகத் திரும்பவில்லை. கோணல்மாணலாகத் திரும்பியது. காப்பி டயர் எரிவதுபோல் வந்தது. மல்லிகைத் தேயிலை வரவே இல்லை. புகையில் காய்ந்த கறுப்புத் தேயிலை மட்டும் ஒருநாள் டப்பாவைத் திறந்ததும் பளிச்சென்று வந்தது, புகையும் பிசினுமாக. நோட்டில் அந்தப் பத்தியில் "புகை" என்று எழுதினேன். எழுதிவிட்டு என் கணவருக்குப் போன் போட்டேன். கிரேன் மேல் இருந்தவர், "சரி சரி, எறங்கிட்டுப் பேசறேன்" என்றார். இறங்கியதும் அவரே கூப்பிட்டு, "என்னா புகை? எப்படி இருந்துச்சி?" என்று விவரமாகக் கேட்டார்.

சீனப் பெருநாள் லீவுக்கு நான்கு நாள் முன்னால் மேனேஜர் என்னை லேப்புக்குக் கூப்பிட்டார். மூன்று பீக்கர்கள், மூன்று கண்ணாடித் தட்டுகள். தோழியை அறைக்கு வெளியே நிறுத்திவிட்டார். ஏழு மாதத்துக்குப் பிறகு அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

முதல் பீக்கரில் சிக்கு. தட்டை முழுதாக விலக்கக்கூட இல்லை, சொல்லிவிட்டேன். இரண்டாவது மெலிதாக இருந்தது. ஒருமுறை முகர்ந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி முகர்ந்தேன். பச்சைப் புல். சொன்னேன். அவர் தாளில் எழுதினார், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

மூன்றாவது தட்டை விலக்கினேன். ஒன்றும் இல்லை.

இன்னொரு முறை. ஒன்றும் இல்லை. வாயில் எடுத்து உருட்டித் துப்பினேன். ஒன்றும் இல்லை. காப்பியைத் தப்பாகச் சொல்கிற மூக்கு இது, மல்லிகையை இன்னும் அறியாத மூக்கு. மீன் வாடை ஒன்று அதில் இருந்து, அந்த ஒரு வாடை மட்டும் எனக்கு இன்னும் திரும்பாமல் இருந்தால்? பதினோரு நாள் நான் வாய் கூசாமல் சொன்ன அதே வார்த்தையை இப்போது சொல்ல நாக்கு எழவில்லை.

"ஒரு நிமிஷம் கொடுங்க, பாஸ்" என்றேன். அவர் தலையாட்டினார்.

பேன்ட்ரிக்கு நடந்தேன். அலமாரியிலிருந்து என் டப்பாக்களை எடுத்தேன். கறுப்புத் தேயிலையைத் திறந்தேன். புகை. அது அங்கே இருந்தது. பூ எரைத் திறந்தேன். மண்ணும் பழைய மரமும், மெலிதாக, ஆனால் இருந்தது. ஊலோங்கைத் திறந்தபோது முதல் தடவையாக ஏதோ ஒன்று, பெயர் சொல்லத் தெரியவில்லை, லேசாக வந்து போனது. மல்லிகையைத் திறக்கவில்லை. அதோடு பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு ஸ்டாப்வாட்சில் ஐந்து நிமிடம் வைத்து, ஜன்னல் பக்கம் நின்றேன். பிறகு லேப்புக்குத் திரும்பி, மூன்றாவது பீக்கரின் தட்டை விலக்கி, ஆழமாக இழுத்தேன்.

"இதுல ஒண்ணும் இல்ல, பாஸ்" என்றேன். குரல் தடுமாறவில்லை. "நல்ல எண்ணெய்."

அவர் விடைத்தாளைப் பார்க்கவில்லை. முதல் இரண்டும் சோதனைக்காக வைத்தவை என்றும், மூன்றாவது இன்று காலை டேங்கிலிருந்து எடுத்தது என்றும் சொன்னார். அதன் சர்ட்டிபிகேட்டை மேசையில் விரித்தார். தோழி ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாள். பக்கத்து இடம் காலியாக இருந்தது. மேனேஜர் தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"லோரி வெளிய நிக்குது" என்றார். "சீக்கிரம் போடு."